பூனை தள்ளாடுகிறது, தலை தொங்குகிறது: பச்சை மீன்தான் காரணமா?

கேள்வி: பாம்பனில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். இரண்டு வயதுப் பெண் பூனை ஒன்று வளர்க்கிறோம். குட்டியிலிருந்தே அதற்குப் பச்சை மீன்தான் சாப்பாடு. சூடையும் நெத்திலியும் இருந்தால் வேறு எதையும் தொடாது. ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்றிலிருந்து குடித்த ஆள் மாதிரி தள்ளாடுகிறது, தலை கீழே தொங்குகிறது. காய்ச்சலாக இருக்கும், பாராசிட்டமால் அரை மாத்திரை கொடு என்கிறார் மாமியார். கொடுக்கலாமா? எங்கள் நாயும் கரையில் கழித்துப் போடும் மீனைத் தின்கிறது. அதற்கும் இப்படி வருமா?

பதில்: முதலில் அந்த மாத்திரையை எடுத்து உள்ளே வையுங்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். நம் கல்லீரல் அதைப் பக்குவப்படுத்தி வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறும் நாக்கும் பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சுத் திணறும். அரை மாத்திரையே ஒரு பூனையின் உயிரை எடுத்துவிடலாம். இதைப் படிப்பதற்குள் கொடுத்திருந்தால் எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். மாமியாரிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்.

அடுத்தது, இன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுகிற நோய் இல்லை இது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் தயமின், அதாவது வைட்டமின் பி1 குறைபாடு. சூடை, சாளை, நெத்திலி வகை மீன்களில் பச்சையாக இருக்கும்போது தயமினேஸ் என்ற நொதி இருக்கும். அது உணவிலிருக்கும் பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். பூனைக்கோ நாயைவிட அதிகமாக பி1 தேவை, அதை உடம்பில் அதிக நாள் சேர்த்து வைக்கவும் முடியாது. வயிறு நிறைய மீன் தின்றும் மூளைக்கும் நரம்புக்கும் வேண்டியது கிடைக்காமல் போவது இப்படித்தான்.

பூனையை வெளிச்சமான இடத்தில் விட்டுக் கவனியுங்கள். பகல் வெளிச்சத்திலும் கண்மணி பெரிதாக விரிந்தே இருக்கிறதா? தாடை நெஞ்சைத் தொடுகிற மாதிரி கழுத்து உள்பக்கம் மடங்குகிறதா? கால்களை அகட்டி வைத்து நிற்கிறதா, வழக்கமாகத் தாவுகிற திண்ணையில் ஏற முடியாமல் விழுகிறதா? பி1 குறைந்தால் இதெல்லாம் வரும், அதற்கு அடுத்த கட்டம் வலிப்பு. தலை கீழே தொங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் காதுக்குள் தொற்று இருக்கலாம். சிறுநீரகக் கோளாறில் பொட்டாசியம் குறைந்தாலும் கழுத்து இதே மாதிரி தொங்கும். அதனால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். பி1தான் காரணம் என்றால் ஊசி போட்ட ஓரிரு நாளிலேயே பூனை தலையைத் தூக்கிப் பார்க்கும். அவ்வளவு சீக்கிரம் குணம் தெரிகிற வியாதியை, நாள் கடத்தி உயிர்போகிற அளவுக்கு விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

தூக்கும்போது கவனம் வேண்டும். பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டதாக நீங்கள் எழுதவில்லை. தள்ளாட்டம், எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமல் போவது எல்லாம் வெறிநோயிலும் வரும். வாயைத் திறந்து பார்க்காதீர்கள், மருந்தோ தண்ணீரோ புகட்டாதீர்கள். தடித்த துண்டில் சுற்றி, மூடியுள்ள கூடையில் வைத்துக் கொண்டுபோங்கள். பிள்ளைகளைக் கிட்டே விட வேண்டாம். யாரையாவது கடித்தோ பிறாண்டியோ இருந்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்கிவிடுங்கள்.

பூனை தேறிய பிறகு மீனே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம், வேகவைத்துக் கொடுங்கள். கொதியில் அந்த நொதி செயலிழந்துவிடும். குடலை எடுத்துவிட்டு, உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் போடாமல் அவித்து, முள்ளை எடுத்துப் பிசைந்து, அவித்த தண்ணீரோடு வையுங்கள். பி1, பூனைக்கு அவசியமான டாரின் போன்ற சத்துகள் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும், கொட்டிவிட வேண்டாம். குழம்பில் கிடந்த மீன் மட்டும் ஆகாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கருவாட்டில் உப்பு அதிகம், அதுவும் வேண்டாம். மீனே முழுச் சாப்பாடாக இல்லாமல் அவித்த கோழிக்கறியையும் முட்டையையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஈரல் கொஞ்சமாக, வாரத்துக்கு ஒரு முறை போதும். கையில் காசு இருக்கும்போது கடையில் விற்கும் பூனைத் தீனியையும் கலந்து பழக்கலாம்.

இந்தப் பழக்கத்தைத் தடைக்காலத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. உங்கள் வீட்டில் நாட்டுப்படகு என்றாலும் கரையில் மீன் குறைவாகத்தான் கிடக்கும். மீன் ருசி மட்டுமே தெரிந்த பூனை அப்போது வேறு எதையும் முகர்ந்துகூடப் பார்க்காது. பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தாலே ஆபத்து. உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதைக் கெடுத்துவிடும். கொழுத்த பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். புதுச் சாப்பாட்டில் ஒரு கை அவித்த மீனைப் பிசைந்து கொடுத்து, நாளாக நாளாக மீனைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

நாய்க்கு வருவோம். சங்காயத்தில், அதாவது விலைபோகாமல் கழிக்கும் மீனில், கிடக்கும் பொடி மீனால் பி1 குறைவது நாய்க்கும் நடக்கும்தான், ஆனால் உங்கள் நாயைப் பொறுத்தவரை நான் அதிகம் பயப்படுவது பேத்தைக்கு, அதாவது பலூன் மாதிரி உப்பும் மீனுக்கு. வலையில் ஏறும் பேத்தையை யாரும் வாங்குவதில்லை, மணலிலேயே வீசிவிடுகிறார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் குடலிலும் தோலிலும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. அவித்தாலும் காய்ந்தாலும் அது போகாது. தின்ற கொஞ்ச நேரத்தில் எச்சில் வடியும், வாந்தி வரும், பின்னங்கால் துவண்டு விழும், கடைசியில் மூச்சு இழுக்கும் தசைகளும் அடங்கிவிடும். மாற்று மருந்து கிடையாது. மூச்சுக்கு உதவி கொடுத்து ஒரு நாளைத் தாண்ட வைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், எண்ணெய் என்று எதையும் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாத நாய்க்கு அது நுரையீரலில்தான் போகும். மிச்சம் கிடக்கும் மீனை ஒரு பையில் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவரிடம் ஓடுங்கள். உங்கள் வீட்டுக்காரரிடமும் பக்கத்துப் படகுக்காரர்களிடமும் பேத்தையைக் கரையில் போடாமல் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லுங்கள். தெருநாய்களும் பிழைக்கும்.

தூண்டில் முள்ளும் நாய்க்கு ஆபத்துதான். நாயின் வாயிலிருந்து தங்கூசி நரம்பு தொங்கினால் இழுக்கவே கூடாது. உள்ளே முள் எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால் தொண்டையோ இரைப்பையோ கிழியும். தொங்குகிற நரம்பை வெட்டாமல் அப்படியே விட்டுக் கொண்டுபோங்கள். முள்ளைத் தேடி எடுக்க மருத்துவருக்கு அது உதவும்.

வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதக் குட்டியிலேயே தொடங்கி, மருத்துவர் சொல்லும் தேதியில் அடுத்த ஊசியும், பிறகு வருடத்துக்கு ஒன்றும் போட வேண்டும். நாய்க்கு இதுவரை போடாவிட்டால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். பூனைக்கு எப்போது போடலாம் என்பதை, அது எழுந்து ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.