பணி விசாவில் இருப்பவர் பழைய கோல்ட் ரிவால்வர் வாங்கலாமா?

தம்பி, டல்லாஸில் எச்1பி விசாவில் பணிபுரியும் நீங்கள், அமெரிக்காவின் கோல்ட் (Colt) நிறுவனம் 1870களில் செய்த ரிவால்வர் ஒன்றைச் சேகரிப்புக்காக வாங்குவது சட்டப்படி சரிதானா என்றும், அது அசல்தானா என்று எப்படிக் கண்டறிவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோல்ட் தொழிற்சாலை எழுந்த, கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டிலேயே குடியேறி, இவற்றைச் சேகரித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்களைப் போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. ஆனால் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைப் பழம்பொருள் என்று வகுத்து, துப்பாக்கி என்ற வரையறையிலிருந்தே நீக்கிவிடுகிறது. அதனால் நீங்கள் அத்தகைய ரிவால்வரை வாங்க மத்தியச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை. இந்த விலக்கு தோட்டாவுக்குக் கிடையாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். இன்று கடையில் விற்கும் தோட்டா ஒன்று உங்கள் மேசை இழுப்பறையில் கிடந்தாலும் அது குற்றமாகலாம். மாநிலச் சட்டங்களும் ஒன்றுபோல் இல்லை. ஆகையால் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பும், வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போவதற்கு முன்பும் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

ஆக, எல்லாம் செய்யப்பட்ட ஆண்டைப் பொறுத்தது. 1873இல் அறிமுகமான சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற கோல்ட் ரிவால்வர் வகை 1940 வரை தொடர்ந்து உற்பத்தியானது. வரிசை எண் ஏறத்தாழ 1,82,000 வரை உள்ளவையே 1898க்குள் அடங்கும். ரிவால்வரைத் தலைகீழாகப் பிடித்தால், அடிச்சட்டம், விசைக்காப்பு (விசையைச் சுற்றியுள்ள வளையம்), பிடியின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களில் அந்த எண் தெரியும். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். எண் எல்லையை ஒட்டி இருந்தால், கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் பணம் கட்டி, அது எந்த நாளில் யாருக்கு அனுப்பப்பட்டது என்ற கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்தது மேற்பரப்பு. பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். பழைய துப்பாக்கியை மறுபடி தேய்த்து மெருகூட்டினால், கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்புகள் மழுங்கும், திருகுத் துளைகளின் வாய் குழிந்து விரியும், குழல் மீதுள்ள எழுத்துகள் மெலிந்துபோகும். சாம்பலும் பழுப்புமாக மங்கிய, எவர் கையும் படாத ரிவால்வரே என் கண்ணுக்கு அழகு. சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுப்பதும் அதற்குத்தான்.

இராணுவத் துப்பாக்கியில் இன்னும் கவனம் தேவை. அமெரிக்கக் குதிரைப்படைக்கு ஏழரை அங்குலக் குழலோடு கொடுக்கப்பட்டவற்றில் பலவற்றை, பின்னாளில் அரசே ஐந்தரை அங்குலமாக வெட்டிச் சீரமைத்தது. அப்போது பாகங்கள் ஒன்றோடொன்று கலந்ததால், அத்தகையவற்றில் எண்கள் பொருந்தாதிருப்பது இயல்பு. வெட்டப்படாதவை அரிதாகிவிட்டதால், வேறு குழலைப் பொருத்தி முழு நீளமாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். 1876இல் அமெரிக்கப் பழங்குடியினருடன் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் தளபதி கஸ்டரின் படையினர் ஏந்திய காலத்துத் துப்பாக்கிகளில், அவற்றைப் பரிசோதித்து ஏற்ற அயின்ஸ்வொர்த் என்ற ஆய்வாளரின் முதலெழுத்துகள் காணப்படும். அந்த முத்திரைக்காகவே விலை ஏறுவதால் போலிகளும் அதில்தான் அதிகம்.

இன்ன கொள்ளையனுடையது என்று சொல்லி விற்பவரிடம், கைமாறிய வரலாற்றை எழுத்தில் கேளுங்கள். பில்லி த கிட் என்ற கொள்ளையனைச் சுட்ட ஷெரிஃப் பேட் காரெட்டின் கோல்ட் 2021இல் அறுபது இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனதற்குக் காரணம், அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதற்குச் சான்றுகள் இருந்ததுதான்.

ஊருக்குத் திரும்பும்போது கையோடு கொண்டுபோகலாம் என்று எண்ணி வாங்காதீர்கள். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதங்களுக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. நல்ல நிலையிலுள்ள கோல்ட் அந்த வகையில் சேராது. விசா முடிந்து கிளம்ப நேர்ந்தால் இங்கே அதை யாரிடம் விற்பது அல்லது ஒப்படைப்பது என்பதை வாங்கும்போதே முடிவு செய்து வையுங்கள்.