ஐரோப்பிய அரச குடும்பங்கள்: யாருக்கு எந்த நாட்டு ரத்தம்? (கேள்வி பதில்)

கேள்வி: பிரிட்டன் அரச குடும்பமே ஜெர்மன் குடும்பம்தான் என்கிறார்களே, சரியா?

அப்பா வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் அப்படித்தான் தெரியும். 1701ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர்களை அரியணையிலிருந்து விலக்கியது. அதனால் 1714இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட நெருங்கிய உறவினர்களைத் தாண்டி, ஜெர்மன் அரசான ஹனோவரின் ஜார்ஜுக்கு மணிமுடி போனது. ஆனால் அவருக்கு அந்த உரிமை வந்ததே அம்மாவைப் பெற்ற பாட்டி வழியில்; அந்தப் பாட்டி மன்னர் முதலாம் ஜேம்ஸின் மகள். பெண்வழியை விட்டுவிட்டால் எந்தக் கணக்கும் தப்பாகத்தான் போகும்.

கேள்வி: ஐயா, ரஷ்யாவின் கடைசி ஜார் (பேரரசர்) இரண்டாம் நிக்கோலஸ் எவ்வளவு ரஷ்யர்?

அவருடைய மூதாதையான ஜார் மகா பீட்டரை முழு ரஷ்யராக வைத்துத் தொடங்குங்கள். அவர் மனைவி முதலாம் கேத்தரின் ரஷ்யர் அல்லர். மகள் அன்னா 1/2. அன்னாவின் கணவர் ஜெர்மன் நிலத்து ஹோல்ஸ்டைன் பிரபு. மகன் மூன்றாம் பீட்டர் 1/4. அவர் மணந்தது ஸ்டெட்டினில் பிறந்த ஜெர்மன் இளவரசியை (பின்னாளில் மகா கேத்தரின்). மகன் பால் 1/8. அதன் பிறகு வுர்ட்டம்பெர்க், பிரஷ்யா, ஹெஸ்ஸே, டென்மார்க் என்று மருமகள்கள் வரிசையாக வெளியிலிருந்தே வந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாக்கினால் முதலாம் நிக்கோலஸ் 1/16, இரண்டாம் அலெக்சாண்டர் 1/32, மூன்றாம் அலெக்சாண்டர் 1/64, கடைசி ஜார் 1/128.

பாலின் உண்மையான தகப்பன் சால்திகோவ் என்ற ரஷ்யப் பிரபு என்றொரு பேச்சு உண்டு. அது உண்மையானால் பால் 1/2, கடைசி ஜார் 1/32. மேலே ஒரே ஒரு ஆள் மாறினால் விடை நான்கு மடங்காகிறது.

கேள்வி: முதல் உலகப் போரில் மோதிய மன்னர்கள் எல்லோரும் ‘கசின்’களாமே?

அந்த ஒற்றைச் சொல்தான் குழப்பம். நம் முறையில் சொன்னால் தெளிவு. பிரிட்டன் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் அம்மாவும் நிக்கோலஸின் அம்மாவும் டென்மார்க் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியனின் மகள்கள். ஆகவே இவர்கள் அண்ணன் தம்பி. ஜெர்மன் பேரரசர் (கெய்சர்) வில்ஹெல்ம் ஜார்ஜுக்கு அத்தை மகன். நிக்கோலஸின் மனைவி அலெக்சாண்ட்ரா வில்ஹெல்முக்குச் சித்தி மகள். எனவே நிக்கோலஸ் அவருக்குத் தங்கையின் கணவர்.

கேள்வி: ஏன் எப்போதும் ஜெர்மனியிலிருந்தே பெண் எடுத்தார்கள்?

சம அந்தஸ்துள்ள குடும்பத்தில்தான் மணம் என்பது பல அரச குலங்களின் விதி. அந்த அந்தஸ்தோடு சிறு அரசுகள் ஏராளமாக இருந்தது ஜெர்மன் நிலத்தில். அவற்றில் பல புராட்டஸ்டண்டு குடும்பங்கள். லண்டனுக்கு அது பொருந்தியது. ரஷ்யாவுக்குப் போன பெண்கள் பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு மாறினார்கள்.

கேள்வி: ஸ்வீடனும் அப்படியா?

இல்லை. தற்போதைய குலத்தின் முதல்வர் பெர்னடாட் பிரான்சின் போ நகரில் பிறந்த படைத்தளபதி. 1810இல் வாரிசாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1818இல் மன்னரானார்.

கேள்வி: அண்ணா, இப்படி ஒரு வம்சாவளி அட்டவணையை நானே போட ஏதாவது வழி?

யாருடைய முன்னோரைத் தேடுகிறீர்களோ அவருக்கு எண் 1 கொடுங்கள். எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அப்பா. அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. சார்லஸ் மன்னர் 1, பிலிப் 2, இரண்டாம் எலிசபெத் 3. இப்படியே ஐந்து தலைமுறை ஏறினால் 32 முதல் 63 வரை 32 இடங்கள். விக்டோரியா ராணி அதில் 47, 49 என்று இருமுறை வருவார். ஓர் இடத்துக்கு 1/32. இரண்டையும் சேர்த்து 1/16. ஒரே பெயர்தானே என்று ஒன்றை அழித்துவிடுவதுதான் வழக்கமான பிழை.

பட்டத்தை வைத்து நாட்டைக் குறிப்பது அடுத்த பிழை. பிலிப் பிறந்தது கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில், கிரேக்க இளவரசராக. ஆனால் அவர் தாத்தா 1863இல் டென்மார்க்கிலிருந்து வந்து கிரேக்க மன்னரானவர், குலமோ க்ளூக்ஸ்பர்க் என்ற ஜெர்மன் வழிக் குலம்.

கேள்வி: டிஎன்ஏ சோதனையில் இதெல்லாம் தெரியுமா?

பின்னக் கணக்கு வெறும் சராசரி. தொலைவான மூதாதையரிடமிருந்து அதைவிடக் கூடவோ குறையவோ வந்திருக்கலாம். உறுதியாகப் பின்தொடர முடிவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பின் டிஎன்ஏ. அது அம்மா வழியாக மட்டுமே இறங்கும். ஜார் குடும்பம் சுட்டுக் கொல்லப்பட்ட ரஷ்ய நகரான எக்கதரின்பர்க் அருகே கிடைத்த எலும்புகளில் அலெக்சாண்ட்ராவுடையதை அடையாளம் காண பிலிப்பின் ரத்தத்தை ஒப்பிட்டது அதனால்தான். இருவரும் விக்டோரியா ராணியின் மகள் ஆலிஸ் வழியில், இடையில் ஓர் ஆண்கூட இல்லாத பெண்வழி வாரிசுகள்.