பார்போசாவின் ஓரடி

அன்புள்ள ஐயா,

கல்லூரி அணியில் நான் கோல்கீப்பர். தென்னமெரிக்கக் கீப்பர்களில் ஹிகிட்டா பெரியவரா, சிலாவெர்ட் பெரியவரா என்று விடுதியில் தினமும் சண்டை. 1950இல் கோப்பையைத் தொலைத்த பார்போசா மாதிரி ஆட்களை விட்டுவிடலாம். உங்கள் தீர்ப்பு என்ன?

க.

அன்புள்ள தம்பி,

1995இல் வெம்ப்ளியில் ஹிகிட்டா தேள்கொடுக்குபோல இரு கால்களையும் பின்னால் மடக்கிப் பந்தைத் தட்டிவிட்டது அழகு. 1999இல் சிலாவெர்ட் ஒரே ஆட்டத்தில் மூன்று பெனால்டி கோல் போட்டார். மற்றதை விடுதியிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். 'தொலைத்த' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. சில வாரங்களாக பார்போசா என் மனதைவிட்டு அகலவே இல்லை. கோல்கம்பங்களுக்கு நடுவே நிற்கிற பிள்ளை, நீங்களே இப்படி எழுதலாமா?

1950 ஜூலை 16, ரியோவின் மரக்கானா மைதானம், உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம், பிரேசிலுக்கு எதிரே உருகுவே. பிரேசில் கோலில் பார்போசா. புள்ளிக்கணக்கின்படி டிரா ஆனாலே பிரேசிலுக்குக் கோப்பை. 66ஆவது நிமிடம் உருகுவேயின் கிக்ஜா வலது ஓரமாக ஓடிவந்து கிராஸ் கொடுக்க, அதாவது பந்தைக் கோலுக்கு முன்னால் குறுக்கே அனுப்ப, ஸ்கியாஃபினோ கோல் போட்டார், 1-1. 79ஆவது நிமிடம் அதே ஓரம், அதே கிக்ஜா. இந்த முறையும் கிராஸ்தான் வரும் என்று பார்போசா கோலைவிட்டு ஓரடி நகர்ந்தார். கம்பத்துக்கும் அவருக்கும் நடுவே கிடைத்த சந்தில் பந்து போய்விட்டது. 2-1, கோப்பை உருகுவேக்கு. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! பதின்மூன்று நிமிடத்துக்கு முன் கண்ணால் கண்டதை நம்பியவன் நகரத்தான் செய்வான். நகராமல் நின்று கிராஸ் வந்திருந்தால், மரம்போல நின்றான் என்று ஏசியிருப்பார்கள்.

ஸ்வீடனுக்கு 7, ஸ்பெயினுக்கு 6 என்று அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் 13 கோல் அடித்த முன்வரிசை அன்றைக்கு அடித்தது ஒன்றே ஒன்று. அவர்களில் யாரையாவது ஐம்பது ஆண்டு துரத்தினார்களா? பழி பார்போசா, பின்வரிசையில் ஆடிய பிகோடே, ஜுவெனால் என மூவர்மேல் விழுந்தது. மூவரும் கறுப்பர்கள். இதைச் சொல்லாமல் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையில்லை.

1948இல் சாண்டியாகோவில், டி ஸ்டெஃபானோ ஆடிய அர்ஜென்டினா கிளப் ரிவர் பிளேட்டை ஒரு கோல்கூடப் போடவிடாமல், தன் பிரேசில் கிளப் வாஸ்கோ ட காமாவைத் தென்னமெரிக்காவின் முதல் கிளப் சாம்பியனாக்கியவர் பார்போசா. அடுத்த ஆண்டே நாட்டு அணியோடு தென்னமெரிக்கக் கோப்பையையும் வென்றார். அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இதையெல்லாம் ஒரு வரியில் தாண்டுகிறார்கள். 1993இல் பிரேசில் அணியைப் பார்க்கப் போனவரை, ராசியில்லாதவர் என்று உள்ளே விடவில்லை. பிரேசிலில் அதிகபட்சத் தண்டனையே 30 ஆண்டுதான், நான் 50 ஆண்டு அனுபவித்துவிட்டேன் என்று சொன்ன அந்த மனிதர் 2000 ஏப்ரலில் இறந்தார்.

உங்கள் கடிதத்தில் நான் கைவைக்கவில்லை. அந்த வரியை நீங்களே அடித்துவிட்டு வேறொன்று எழுதி அனுப்புங்கள், கண்ணு. அதையும் இங்கேயே போடுகிறேன்.