வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் எல்லோரும் எடுக்கும் போனில் ஓர் உதவித் தளம்

குடும்ப வன்முறையிலிருந்தும் பாலியல் வன்முறையிலிருந்தும் மீள முயலும் பெண்களை வக்கீல், ஆலோசகர், தங்கும் இல்லம் ஆகிய உதவிகளோடு சேர்த்துவிடும் இணையதளங்கள் பற்றி வடசென்னை வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

கேள்வி: வியாசர்பாடியில் சிறிய பெண்கள் அமைப்பு நடத்துகிறோம். உதவி கேட்பவர்களுக்கு ஓர் ஆப் செய்யலாம், மொபைல் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே வரட்டும் என்கிறார்கள் எங்கள் இளைஞர்கள். சரியா?

பதில்: ஆப்பும் வேண்டாம், ஓடிபி வேண்டவே வேண்டாம். பல வீடுகளில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். சிம் கணவர் பெயரில் இருக்கும், லாக் பேட்டர்ன் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் தெரியும். ஓடிபி வந்து விழுந்தாலே விஷயம் வெளியே தெரிந்துவிடும். ஆப்பை நீக்கிய பிறகும் அது ஒருமுறை நிறுவப்பட்ட தடயம் பிளே ஸ்டோர் கணக்கில் இருக்கும். பதிவு செய்யாமலே படிக்கவும் எழுதவும் முடிகிற சாதாரண இணையப் பக்கம் போதும். தேடுபவர் கண்ணில் படவேண்டிய முகப்பில் மட்டும் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். உள்ளே போகும் பக்கங்களின் தலைப்பு பொதுவாக இருக்கட்டும், ஏனென்றால் பிரவுசர் ஹிஸ்டரியில் தெரிவது அந்தத் தலைப்புதான்.

யாராவது பக்கத்தில் வந்தால் அழுத்தித் தளத்தை மறைக்கும் 'உடனே வெளியேறு' பட்டனைப் பலரும் வலது மேல் மூலையில் வைக்கிறார்கள். அது கணினிக்குச் சரி. போனில் கட்டைவிரல் எட்டும் கீழ்ப்பகுதியில், எந்தப் பக்கத்திலும் இடம் மாறாமல் இருக்க வேண்டும். அழுத்தியதும் முதலில் திரை வெறுமையாக வேண்டும், பிறகுதான் வானிலைப் பக்கம் போன்ற ஒன்று திறக்க வேண்டும். இந்த வரிசை தவறினால், நெட் மெதுவாக இருக்கும்போது புதுப் பக்கம் வரும்வரை பழைய பக்கமே கண்முன் நிற்கும், பக்கத்தில் வந்து நிற்பவர் படித்துவிடுவார். இணையப் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் லொகேஷன்.ரீப்ளேஸ் (location.replace) கட்டளையைப் பயன்படுத்தினால் 'பேக்' அழுத்தி அந்தப் பக்கத்துக்குத் திரும்ப முடியாது. ஆனால் அது 'பேக்' வரிசையில் கடைசிப் பக்கத்தை மட்டுமே மாற்றும், பார்த்த பக்கங்கள் பிரவுசர் ஹிஸ்டரியில் அப்படியே இருக்கும். எனவே, 'இந்தப் பட்டன் ஹிஸ்டரியை அழிக்காது' என்று அதன் அருகிலேயே எழுதி, அழிக்கும் முறையையும் சொல்லுங்கள். முழுப் பாதுகாப்பு இருப்பதாக அவர் நம்பிவிடுவதுதான் பெரிய ஆபத்து.

ஃபேஸ்புக் பிக்சல், விளம்பர டிராக்கர் என்று, பார்ப்பவரைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்ட உதவும் நிரல் எதையும் சேர்க்காதீர்கள். இன்று உங்கள் பக்கத்தைப் பார்த்தவருக்கு நாளை விவாகரத்து வக்கீல் விளம்பரம் வந்தால், அதைக் கணவரும் பார்ப்பார்.

கேள்வி: காசிமேட்டில் சுய உதவிக்குழு நடத்துகிறேன். எங்கள் படிவத்தில் 24 கேள்விகள் இருக்கின்றன. அதிகமா?

பதில்: அதிகம்தான். முதல் தொடர்புக்கு மூன்று விஷயம் போதும்: இப்போது என்ன உதவி வேண்டும், எந்தப் பகுதி, எப்படித் தொடர்பு கொண்டால் பாதுகாப்பு. 'நடந்ததை விவரமாக எழுதவும்' என்ற பெரிய பெட்டியை எடுத்துவிடுங்கள். இரவில் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டு, மறுமொழி இல்லாமல் விடியும்வரை அவர் தவிக்க நேரிடும். அதிர்ச்சிக்குப் பிறகு நினைவு பலருக்கும் துண்டு துண்டாகத்தான் வரும். தேதி, நேரம், வரிசை எல்லாம் கட்டாயம் என்று வைத்தால் பாதியிலேயே மூடிவிடுவார். 'ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை' என்பது உங்கள் 24-ல் இருந்தால் அதை முதலில் அடியுங்கள். 'இப்போது சொல்ல விருப்பமில்லை' என்ற பட்டன் மற்றவற்றின் அளவிலேயே இருக்கட்டும்.

நீங்கள் நேரம் செலவிட வேண்டியது தொடர்புப் பகுதியில்தான். எப்போது கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும், மெசேஜ் அனுப்பலாமா என்று கேளுங்கள். உங்கள் பகுதியில் 'தினமும் காலை 11 மணி' என்று பதிந்து வைப்பது உதவாது. விசைப்படகு கடலில் இருக்கும் நாளும் கரைக்கு வந்த நாளும் ஒன்றல்ல, மீன் ஏலத்துக்குப் போகும் பெண் விடியுமுன்பே வீட்டில் இருக்கமாட்டார். ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் அடுத்த நேரத்தை அவரிடமே கேட்டுக் குறியுங்கள். அழைப்பவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் ஆப்பில் உங்கள் எண்ணுக்கு என்ன பெயர் வருகிறது என்பதையும் பாருங்கள்.

அனுப்பியவுடன் அவர் பார்க்க வேண்டிய வரிகள் இவை: இதை யார் படிப்பார்கள், எத்தனை மணிக்குள் பதில் வரும், உடனடி ஆபத்து என்றால் 112, பெண்கள் உதவி எண் 181.

கேள்வி: தண்டையார்பேட்டையில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். காயத்தின் போட்டோவைத் தளத்தில் ஏற்றச் சொல்லலாமா?

பதில்: அவர் விரும்பினால் மட்டும். போட்டோவுக்குள் எடுத்த நேரமும், லொகேஷன் ஆன் செய்திருந்தால் இடமும் பதிவாகியிருக்கும். ஆலோசகருக்குக் காட்டும் நகலில் அதை நீக்குங்கள், மூலத்தைத் தொடாமல் பூட்டி வையுங்கள். சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி இந்தத் தகவல் போய்விடும். கூகுள் போட்டோஸ் தானாகவே பேக்கப் எடுத்தால், அதே கணக்கு இருக்கும் இன்னொரு போனிலும் படம் தெரியும். இந்த எச்சரிக்கை கேமரா திறக்கும் முன்பே வரவேண்டும். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள் என்பதால், எடுத்த போனையும் விற்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: திருவொற்றியூர் வரை 60 உதவி எண்கள் திரட்டிவிட்டோம். அப்படியே வெளியிடலாமா?

பதில்: ஒவ்வொன்றுக்கும் போன் செய்து பார்த்த பிறகு வெளியிடுங்கள். எடுக்காத எண்ணை ஒருமுறை கூப்பிட்டவர் இரண்டாவது எண்ணைக் கூப்பிடாமலே போகலாம். மாதம் ஒருமுறை சரிபார்த்து, அந்தத் தேதியையும் எண்ணருகில் போடுங்கள். இல்லம் என்றால் எத்தனை நாள் தங்கலாம், ஆண் பிள்ளையை எந்த வயதுவரை சேர்ப்பார்கள், ஆதார் இல்லாமல் வந்தால் ஏற்பார்களா என்று கேட்டு எழுதுங்கள். 'ஸ்டான்லி மருத்துவமனை' என்று மட்டும் போட்டால் போதாது. எந்த வாசல், இரவில் யாரைக் கேட்பது என்பதும் வேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழு எண் 15100. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். இது தெரியாமல் வக்கீல் பீஸுக்குப் பயந்து நிற்பவர்கள் நிறைய. அவர் சம்மதித்தால், எண்ணைக் கொடுத்துவிட்டு நிற்காமல் நீங்களே மறுமுனையில் பேசி இணைத்துவிடுங்கள். சேர்ந்தாரா என்று மறுநாள் விசாரியுங்கள்.

கேள்வி: 16 வயதுப் பெண் சாட்டில் வந்தால் 'யாரிடமும் சொல்லமாட்டோம்' என்று உறுதி கொடுக்கலாமா? – கொருக்குப்பேட்டை வாசகி

பதில்: கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் இருப்பவருக்குப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி எல்லோருக்கும் கடமை. சொல்லாமல் விடுவது தண்டனைக்குரியது. இந்தக் கடமையை அவளிடம் முன்பே சொல்லாமல் எழுத வைத்துவிட்டுப் பிறகு போலீஸிடம் போனால் அந்தப் பெண் இனி யாரையும் நம்பமாட்டாள். எனவே, எதை எங்களுக்குள் வைத்திருக்க முடியும், எதை முடியாது, சொல்ல நேர்ந்தால் உன்னோடு யார் இருப்பார்கள் என்ற நான்கைந்து வரிகளை எளிய தமிழில் எழுதுங்கள். கூடவே குழந்தைகள் உதவி எண் 1098-ம் இருக்கட்டும். இவற்றை அவள் தட்டச்சு செய்யும் பெட்டிக்கு மேலே போடுங்கள், கீழே போட்டால் எழுதி அனுப்பிய பிறகுதான் படிப்பாள்.