ஈறில் ரத்தம், விரலில் விறைப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: ரப்பர் பால் வெட்டும் வேலை, வயது 44. விடிகாலை கத்தி பிடிக்க விரல் மடங்குவதில்லை, சரியாவதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஈறிலும் பல வருடமாக ரத்தம். பல் கிருமிதான் முடக்குவாதத்துக்குக் காரணமாமே? (குலசேகரம்)

பதில்: முடக்குவாதம் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய். பல் கிருமிதான் காரணம் என்று ஒரே போடாகச் சொல்ல முடியாது, ஆனால் தொடர்பு இருக்கிறது. ஈறு பல்லை விட்டு விலகிப் பை மாதிரி ஆகும்போது அதில் குடியேறும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற கிருமியிடம் ஒரு நொதி (என்சைம்) உண்டு, அது புரதத்திலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை சிட்ருலினாக மாற்றிவிடும். உருமாறிய புரதத்தை நம் உடம்பு வேற்றாள் என்று நினைத்து ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், தயாரிக்கத் தொடங்கலாம். முடக்குவாதத்துக்கான ஆன்டி சிசிபி என்ற ரத்த டெஸ்டில் தேடுவது இந்த வகை ஆன்டிபாடியைத்தான், மூட்டு வீங்கப் பல வருடம் முன்பே சிலர் ரத்தத்தில் அது இருக்கும். ஈறு நோயுள்ள முடக்குவாதக்காரர்களின் ரத்தத்தில் வாய்க் கிருமிகள் திரும்பத் திரும்பக் கலப்பதை 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்காக ஈறு கெட்ட எல்லோருக்கும் முடக்குவாதம் வந்துவிடாது, பரம்பரை போன்ற காரணங்களும் சேர வேண்டும். உங்கள் ஒரு மணி நேர விறைப்பை வேலைக் களைப்பு என்று தள்ளாதீர்கள். நாட்டு வைத்திய ஆசானிடம் எண்ணெய் தடவிக்கொண்டே மாதங்களைக் கடத்தாமல் மூட்டு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு முடக்குவாதம். எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டால் சரியாகுமா? (தக்கலை)

பதில்: ஐயோ, வேண்டாம். நூறு வருடம் முன்பு மேல்நாட்டில் இதே நினைப்பில் பிடுங்கித் தள்ளினார்கள், வாதம் இருந்தது, பல்தான் போனது. ஈறு நோய் இருந்தால் ஈறை ஆழமாகச் சுத்தம் செய்தால் போதும். சிலருக்கு மூட்டு வீக்கமும் கொஞ்சம் தணிகிறது, ஆனால் மாத்திரைக்கு அது மாற்றில்லை.

கேள்வி: பீடி உண்டு, ஆனால் ஈறில் ரத்தமே வராது. அப்போ பயமில்லைதானே? (குளச்சல்)

பதில்: புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து நோயை மறைத்துவிடும், அதனால்கூட ரத்தம் வராமல் இருக்கலாம். முடக்குவாதம் வரவும் புகை வழி திறந்துவிடும். பீடியை விடுங்கள்.

கேள்வி: முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறேன். பல் கிளீன் பண்ண நிறுத்தணுமா? (மார்த்தாண்டம்)

பதில்: சாதாரண கிளீனிங்குக்கு வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பல் டாக்டரிடம் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். இன்னொன்று, அது வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை. தினமும் விழுங்கிவிட்டு வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சித் தண்ணிகூட இறங்காமல் என்னிடம் வந்த ஒரு பாட்டியை இன்னும் மறக்கவில்லை. வாய்ப்புண் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: விரல் வீக்கத்தில் பிரஷ் பிடிக்க முடியவில்லை, உமிக்கரிக்கே திரும்பலாமா? (திருவட்டார்)

பதில்: உமிக்கரி நறநறவென்று பல்லைத் தேய்த்துவிடும், விரலோ ஈறின் இடுக்குக்குள் போகாது. பழைய சைக்கிள் ட்யூபை ஒரு சாண் நறுக்கி, பிரஷ் பிடியில் பெருவிரல் தடிமன் வரும்வரை சுற்றிக் கட்டுங்கள். ஈரக் கையிலும் வழுக்காது.