கொடி பிடிக்கிறவர் ரேஸ் பார்க்க முடியாது

கிருஷ்ணகிரியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 55. கார் பந்தயங்களில் மார்ஷலாக, அதாவது பாதையோரம் கொடியோடு நிற்கும் தொண்டராக, இருபது வருடத்துக்கு மேல் போய் வருகிறேன். நம் பக்கத்து வண்டிப் பிரியர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, இந்தக் கார் பைத்தியம் எப்போது பிடித்தது? (காவேரிப்பட்டணம்)

எங்கள் வீடு பழைய ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை ஓரம். இப்போது அதற்கு 44 என்று பெயர். ராத்திரி படுத்தபடியே சத்தத்தை வைத்து என்ன வண்டி என்று சொல்வது எனக்கும் என் அண்ணனுக்கும் விளையாட்டு. டீசல் அம்பாசடர் தொண்டை கட்டியவர் மாதிரி இருமிக்கொண்டு போகும். 1983 கடைசியில் மாருதி 800 வந்தது. முதல் மாருதி எங்கள் வாசலைக் கடந்தபோது சத்தமே இல்லை, எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறையில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். வீட்டில் திட்டு விழும்.

மார்ஷல் வேலை என்றால் கொடி ஆட்டுவதுதானே? (பர்கூர்)

நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன்.

ஒரு திருப்பத்துக்கு ஒரு குழு. கொடிக்காரர்கள் இருவர் எதிரெதிர் திசை பார்த்து நிற்பார்கள். நீலக்கொடிக்காரர் வரும் வண்டிகளைப் பார்ப்பார். பின்னால் வேகமான கார் நெருங்குகிறது, வழி விடு என்று மெதுவாகப் போகிறவருக்குச் சொல்வது நீலம். மஞ்சள்கொடிக்காரர் வண்டிகள் போகும் பக்கம் பார்ப்பார், அவர் முதுகுப் பக்கம் வண்டிகள் வந்துகொண்டிருக்கும். அதனால் ஒருவருக்கு ஒருவர்தான் கண். நான் உன் முதுகைப் பார்த்துக்கொள்கிறேன், நீ என் முதுகைப் பார்த்துக்கொள்.

ஒரு மஞ்சள் கொடி ஆடினால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. இரண்டு மஞ்சள் சேர்ந்து ஆடினால் பாதையே அடைபட்டிருக்கலாம், நிறுத்தவும் தயாராக இரு. மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக இருப்பது பாதை வழுக்கும் என்பதற்கு. டீசல் சிந்திய ரவுண்டானாவில் பைக் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை புரியும். சிவப்புக் கொடியை மட்டும் நம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு வர வேண்டும்.

இதில் நான் பட்ட அவமானம் ஒன்று. மஞ்சள் என் கையில். என் கண் முன்னால் ஒருவர் அற்புதமாக உள்பக்கம் நுழைந்து முந்தினார். கொடியை இடுக்கிக்கொண்டு கை தட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து இன்னொரு கார் சுழன்று மண்ணில் நின்றது. என் கொடி இரண்டு, மூன்று நொடி தாமதமாகத்தான் மேலே போனது. யாருக்கும் அடியில்லை. ஆனால் எங்கள் குழுத் தலைவர் ஒன்றுமே பேசாமல் கொடியை வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை எல்லோருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ரேஸ் பார்க்க ஆசையிருந்தால் டிக்கெட் வாங்கிக்கொண்டு போங்கள். மார்ஷலுக்குத் தெரிவது அவருடைய திருப்பம் மட்டும்தான்.

சம்பளம் உண்டா? எங்கே போக வேண்டும்? (ஊத்தங்கரை)

சம்பளம் கிடையாது. சாப்பாடு, தண்ணீர் உண்டு. நமக்குப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. சென்னை நெடுஞ்சாலையிலேயே ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வந்துவிடும், கிருஷ்ணகிரியிலிருந்து 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1990இல் திறந்த பாதை. அதற்கு முன்னால் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடந்தது. தருமபுரிக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வேயும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஆனால் சென்னைப் பாதையில் ஆம்பூர் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் கல்லூரி மாணவி. பெண்களைச் சேர்ப்பார்களா அண்ணா? (காரிமங்கலம்)

தாராளமாக வாம்மா. பொதுவாக 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதலில் பயிற்சி வகுப்பு இருக்கும், தீயணைப்பான் பிடிப்பது வரை சொல்லித்தருவார்கள்.

தம்பி, அஜித்தைப் பார்த்துவிட்டு என் பேரன் ரேஸ் ஓட்டுவேன் என்கிறான். என்ன செய்ய? (பாலக்கோடு)

ஐயா, முதலில் கார்ட்டிங், அதாவது குட்டி ரேஸ் கார் ஓட்டும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். பத்து சுற்றில் ஆசை தணிகிறதா, கூடுகிறதா என்று தெரிந்துவிடும். கூடினால் செலவுக்குத் தயாராகுங்கள். 2005இல் இந்தியாவிலிருந்து முதல் ஆளாக ஃபார்முலா ஒன் ஓட்டியவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். அவருடைய அப்பாவே ராலி, அதாவது சாலைகளில் நேரம் கணக்கிட்டு நடக்கும் கார் போட்டி, ஓட்டியவர், அது எல்லா வீட்டிலும் அமையாது. பணம் இடித்தால் பையனை ஒருநாள் என்னோடு அனுப்புங்கள். ஓட்டாமலும் இந்த உலகத்தில் இருக்கலாம்.

தொப்பூர் கணவாயில் நண்பர்களோடு ஓட்டுவது செம த்ரில். அதுவும் ஒரு பயிற்சிதானே? (தருமபுரி)

இல்லை. கோபமாகவே சொல்கிறேன். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது அது நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும் லாரியில் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. அந்த லாரி உங்களுக்குப் பின்னால் வரும்போது உங்கள் திறமைக்கு அங்கே என்ன வேலை? ராலியில் அனுமதி வாங்கிச் சாலையை மூடுவார்கள். போட்டிக் கார்களுக்கு முன்னால் ‘ஜீரோ கார்’ ஓடி, வழி காலியா என்று பார்த்துவிட்டுப் போகும். விபத்தில் உதவி வேண்டுமென்றால் காட்ட ஓட்டுநரிடம் எஸ்.ஓ.எஸ். அட்டை இருக்கும். தொப்பூரில் உங்களுக்காக யார் நிற்கிறார்கள்?

இங்கேயே மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. மின்சார ரேஸில் சத்தமே இல்லையே, உங்களுக்குப் போரடிக்காதா? (போச்சம்பள்ளி)

போரடிக்கும் என்று நினைத்திருந்தேன். 2023 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் ஃபார்முலா ஈ என்ற மின்சாரக் கார் ரேஸ் நடந்த சமயம் அதன் பாதுகாப்பு முறைகளைப் படித்ததும் மனசு மாறிவிட்டது. பெட்ரோல் கார் மோதி நின்றால் தீயைப் பார்த்துப் பயப்படுவோம். இதில் காரே மின்சாரம் பாயும் பொருளாகிவிடலாம். அதனால் காரில் ஒரு விளக்கு இருக்கும். பச்சை எரிந்தால் தொடலாம், சிவப்பு எரிந்தால் கிட்டேகூடப் போகக் கூடாது. மின்சாரம் பாயாத கையுறை வேண்டும். ஓட்டுநரும் ஒரு கால் காரில், ஒரு கால் தரையில் என்று இறங்கக் கூடாது, இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வேண்டும். இந்த வயதில் புதிதாகப் படிக்க ஒன்று கிடைத்தது, சரிதானே?

மறக்க முடியாத நாள் எது? (ஓசூர்)

2011 அக்டோபர் 30, டெல்லி பக்கத்து கிரேட்டர் நொய்டா. இந்தியாவில் நடந்த முதல் ஃபார்முலா ஒன். அன்றைய வி8 எஞ்சின் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும், சத்தம் காதில் இல்லை, விலா எலும்பில் கேட்டது. அறுபது சுற்றும் ஒரே திருப்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்டல் ஜெயித்தாரென்று ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள். நாங்கள் வலையும் துடைப்பமும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். ராத்திரி தங்கிய இடத்து டிவியில்தான் முழு ரேஸையும் பார்த்தேன். எங்கள் திருப்பம் வரும்போதெல்லாம் அறையே கத்தியது.

முதல் தடவை வருகிறேன். என்னென்ன எடுத்து வரணும் அண்ணா? (அரூர்)

தொப்பி, முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடும் ஷூ, இரண்டு பாட்டில் தண்ணீர். செருப்பு வேண்டாம், உள்ளே விடமாட்டார்கள். செல்போன் பையிலேயே இருக்கட்டும். அப்புறம், காலை ஆறு மணிக்கு என்றால் ஆறு மணிக்கு வந்துவிடணும் தம்பி.