வாசகர் கேள்வி – பதில்: பழைய கேபின் படகை வாங்கலாமா?

காவேரிப்பட்டணத்தில் பிறந்து, இருபத்திரண்டு ஆண்டுகள் கொச்சியின் படகுப் பட்டறைகளில் இன்ஜின் வேலையும், பின்னர் பழைய படகுகளை வாங்குவோருக்காகப் பரிசோதித்துச் சொல்லும் வேலையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். படுக்கவும் சமைக்கவும் சிறு அறை கொண்ட விசைப்படகுகளைப் பற்றி கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதும் பொறுப்பை ஆசிரியர் இம்மாதம் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்.

கேள்வி: மாம்பழக்கூழ் ஏற்றுமதி தொடர்பாக மாதம் ஒருமுறை கொச்சி சென்று வருகிறேன். அங்கு பழக்கமான ஒருவர் தமது 28 அடி ஃபைபர் கேபின் படகை விற்க விரும்புகிறார். முப்பது ஆண்டுக்கு மேலான படகு. உள்ளே பொருத்திய ஒற்றை டீசல் இன்ஜின். பெயின்ட் புதிதாக இருக்கிறது. விலை ஒரு பழைய காரின் விலைதான். நம்பி வாங்கலாமா? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: கடிதத்தில் நீங்கள் முதலில் பாராட்டியிருப்பது பெயின்ட்டை, நான் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். விற்பதற்குச் சற்று முன் அடித்த பெயின்ட் அக்கறையின் அடையாளமாகவும் இருக்கலாம், எதையோ மூடி மறைப்பதற்காகவும் இருக்கலாம். எது என்பது படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைத்துப் பார்க்காமல் தெரியாது. தூக்கும் கூலியை நீங்களே தருவதாகச் சொல்லுங்கள். அதற்கும் சம்மதிக்காதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

ஃபைபர் துருப்பிடிக்காது, மக்காது என்பது உண்மைதான். ஆனால் அக்காலத்து ஃபைபர் படகுகள் பலவற்றின் உள்ளே மரம் ஒளிந்திருக்கிறது. அடித்தளத்தில் நீளவாட்டில் ஓடும் தாங்குகட்டைகள், இன்ஜின் அமர்ந்திருக்கும் கட்டைகள், மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே வைத்த பால்சா மரம் அல்லது பிளைவுட் ஆகிய இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியாதபடி மூடப்பட்டிருக்கும். கைப்பிடிக் கம்பியின் ஒரு திருகாணி ஓட்டை வழியாக உள்ளே புகுந்த மழைநீர், வெளியேற வழியில்லாமல் அந்த மரத்தை ஆண்டுக்கணக்கில் மக்கவைக்கும். பிளாஸ்டிக் தலை கொண்ட சிறு சுத்தியலால் அரை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். மக்கிய இடமும் அடுக்குப் பிரிந்த இடமும் மந்தமாக ஒலிக்கும். சந்தையில் தேங்காயைத் தட்டி வாங்கிப் பழகிய காதுக்கு இந்த வேறுபாடு விரைவில் பிடிபட்டுவிடும். மேல்தளத்தில் வெறுங்காலுடன் நடந்தும் பாருங்கள். பாதத்தின் கீழ் தளம் மெத்தென்று அமுங்கினால் உள்ளே மரம் போய்விட்டது என்று பொருள்.

அடிப்பாகத்தில் சிறு கொப்புளங்கள் தென்பட்டால் பலர் பயந்து விலகிவிடுகிறார்கள். அவற்றைக் குத்தினால் காடி போன்ற புளித்த வாடையுடன் நீர் வரும். ஜெல்கோட் என்னும் மேற்பூச்சைத் தாண்டி நீர் ஊறியிருப்பதன் அறிகுறி அது. சுரண்டி எடுத்து, பல வாரங்கள் உலரவிட்டு, எபாக்சி பிசின் பூசிச் சரிசெய்யலாம். கொப்புளம் மட்டுமே காரணமாக மூழ்கிய படகை நான் கண்டதில்லை. விலையைக் குறைத்துப் பேச அது போதும், வேண்டாமென்று விட அது போதாது. இன்ஜின் கட்டைகள் மக்கியிருந்தால் மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ஏனெனில் அதைச் சரிசெய்ய இன்ஜினை வெளியே எடுத்து, தரையை அறுத்துத் திறக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, படகின் அடியில் நீர் உள்ளே வரவும் வெளியே போகவும் வைத்திருக்கும் துளைகளையும் அவற்றின் வால்வுகளையும் ஒவ்வொன்றாகக் கையால் திருகிப் பாருங்கள். அவை வெண்கலத்தால் ஆனவையாக இருக்க வேண்டும். சாதாரணப் பித்தளை உப்புநீரில் தன்னிலுள்ள துத்தநாகத்தை இழந்து, இளஞ்சிவப்பாக மாறி, ஒருநாள் கையோடு உடைந்து வரும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் அல்லன் நான், இழந்து தெரிந்துகொண்டவன். கொச்சியில் எனக்குச் சொந்தமாக ஒரு 24 அடிப் படகு இருந்தது. அதன் கழிவறை வால்வில் மாட்டிய ரப்பர் குழாயை ஒற்றை கிளிப் பிடித்திருந்தது. அது துருவேறியிருப்பதைக் கண்ணால் பார்த்தும், அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஜூன் மழை கொட்டிய ஓர் இரவில் குழாய் கழன்றது. அடித்தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் பேட்டரி தீரும் வரை ஓடியிருக்கிறது. காலையில் நான் சென்றபோது கேபினின் கூரை மட்டுமே தண்ணீருக்கு மேலே இருந்தது. அன்றிலிருந்து, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு கிளிப்புகள் போடச் சொல்கிறேன். வால்வு ஒவ்வொன்றின் அருகிலும் அதன் துளைக்குப் பொருந்தும் கூம்பு மரக்கட்டை ஒன்று கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும் என்றும் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

இன்ஜினைப் பார்க்கச் செல்லும்போது, முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாமென்று உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பிளாக்கின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் முதல் சுற்றிலேயே பிடிக்கிறதா என்பதுதான் உண்மையான சோதனை. ஆயில் பால் கலந்த தேநீரைப் போலிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். விடாமல் வரும் கறுப்புப் புகை, காற்றுப் போதாமையையோ இன்ஜின் தாங்காத சுமையையோ காட்டும். சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, எரியாத டீசலாகவோ சிலிண்டருக்குள் புகுந்த நீராகவோ இருக்கலாம். பிறகு வேம்பநாட்டுக் காயலின் திறந்த நீரில் அரை மணி நேரமாவது ஓட்டி, முழு வேகத்தில் இன்ஜின் அதற்குக் குறித்த சுற்று எண்ணிக்கையை எட்டுகிறதா, வெப்பமானி நிலையாக நிற்கிறதா என்று கவனியுங்கள். கட்டிய இடத்திலேயே ஓடவிட்டுக் காட்டுவது சோதனையாகாது.

ஆவணங்களைப் பொறுத்தவரை, 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 இப்போது நடைமுறையில் இருக்கிறது. பதிவுச் சான்று, தகுதிச் சோதனைச் சான்று, காப்பீடு ஆகிய மூன்றையும் கேளுங்கள். இன்ஜின் எண் சான்றிலுள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று நேரில் ஒப்பிடுங்கள். படகு அமெரிக்காவில் கட்டப்பட்டதாக இருந்தால், பின்பக்கப் பலகையின் வலது மேல் ஓரத்தில் 12 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளக் குறி பொறித்திருக்கும்; 1984-க்குப் பிந்தைய படகுகளில் அதன் கடைசி இரண்டு இலக்கங்களே மாடல் ஆண்டு. அத்தகைய படகுக்குச் சுங்கவரி கட்டிய ரசீதும் அவசியம்.

விலை ஒரு பழைய காரின் விலைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுப் பராமரிப்புக்குத் தேவை என்று பொதுவாகச் சொல்வார்கள். பழைய படகுக்கு அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. விலை எவ்வளவு இறங்கினாலும் 28 அடிப் படகு 28 அடிப் படகுதான். அதற்கு வேண்டிய பெயின்ட்டின் அளவும், பம்பின் விலையும், தூக்குக் கூலியும், கட்டிவைக்கும் இடத்தின் வாடகையும் புதுப் படகுக்கு ஆவதே ஆகும். எனவே புதிதாக வாங்கினால் என்ன விலையோ அதை மனத்தில் வைத்துக் கணக்கிடுங்கள். நீங்கள் இருப்பது நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால். மாதம் ஒருமுறைதான் செல்கிறீர்கள். மழைக்காலத்தில் பின்தளத்து வடிகால் ஓட்டையை நாலு இலைகள் அடைத்துக்கொண்டாலே போதும், மழைநீரே படகை மூழ்கடித்துவிடும். வாரம் இருமுறை ஏறிப் பார்க்கும் நம்பகமான உள்ளூர் ஆள் ஒருவரை முதலில் தேடிக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் இந்தப் படகு உங்களுக்கு வேண்டாம் என்பதே என் முடிவு.

கேள்வி: நான் லாரி மெக்கானிக். நண்பர் வாங்கிய பழைய கேபின் படகின் பெட்ரோல் இன்ஜின் உயிரற்றுக் கிடக்கிறது. லாரியிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜினைப் பொருத்த முடியுமா? அதுவரை, கெட்டுப்போன ஸ்டார்ட்டருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பதிலாகக் காரில் உள்ளவற்றைப் போட்டு ஓட்டலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசியும் ஆவி தரை வழியாகக் கலைந்துபோகும். படகின் வயிற்றிலோ அது கிண்ணத்தில் ஊற்றிய நீரைப் போலத் தேங்கி நிற்கும். படகுக்கென்று செய்யப்படும் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் தீப்பொறி வெளியே வராதவாறு மூடப்பட்டவை. கார் பாகங்கள் அப்படியல்ல. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள். பெட்ரோல் படகை இயக்கும் முன் ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடமாவது புளோயரை (ஆவியை வெளியேற்றும் மின்விசிறியை) ஓடவிட்டு, குனிந்து முகர்ந்து பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானது என்பதால், சிலிண்டரைக் கேபினுக்குள் வைக்காமல், கசிந்தால் வாயு வெளியே வடிந்துபோகும்படி தனிப் பெட்டியில் வையுங்கள்.

லாரி இன்ஜினைப் பொருத்த முடியாது என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்டே படகுகளுக்கென்று தனியாக மரைன் இன்ஜின்களைத் தருகிறது. ஆனால் லாரி இன்ஜின் அப்படியே படகு இன்ஜின் ஆகிவிடாது. படகில் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது. இன்ஜினுக்குள் சுற்றும் நன்னீரை வெளியிலிருந்து இழுக்கும் நீரால் குளிர்விக்கத் தனி அமைப்பு வேண்டும். வெளிநீரை இழுக்கும் பம்பில் உள்ள ரப்பர் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரத்தை) ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புகைபோக்கியையும் நீரால் குளிர்விக்க வேண்டும். இல்லையேல் பக்கத்து ஃபைபர் கருகும். இதைவிட முக்கியமாக, வேலையின் தன்மையே வேறு. லாரி ஏறினால் இறங்கும், இறங்கும்போது இன்ஜினுக்கு ஓய்வு கிடைக்கும். படகு இன்ஜினுக்கு, சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாயை ஏறுவது போன்ற சுமை நாள் முழுவதும் தொடரும். கியர்பாக்ஸ் விகிதமும் புரொப்பெல்லர் அளவும் அந்த இன்ஜினுக்கென்று கணக்கிடப்படாவிட்டால், உங்கள் கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்த இன்ஜின் நீடிக்காது. கம்பிரஷன் பார்ப்பது, இன்ஜெக்டரைச் சரிசெய்வது, பேரிங் மாற்றுவது ஆகியவற்றில் உங்கள் அனுபவம் அப்படியே பயன்படும். மற்றவற்றுக்கு மீன்பிடித் துறைமுகம் ஒன்றில் வேலை செய்யும் மரைன் மெக்கானிக் ஒருவரோடு சில நாள் இருந்து பாருங்கள். வயரிங் மாற்றும்போது வெறும் செப்புக் கம்பியைப் போடாமல் வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியையே போடுங்கள். உப்புக்காற்று வெறும் செம்பை உறைக்கு உள்ளேயே கறுக்கவைத்துவிடும்.

கேள்வி: பழைய கேபின் படகு ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து, மேலே இன்னொரு தளம் அமைத்து, ஒகேனக்கல்லிலோ நாகமரைப் பக்கம் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பிலோ சுற்றுலாப் பயணிகளை ஏற்றலாம் என்று திட்டமிடுகிறோம். உங்கள் கருத்து? (வாசகர்கள், பென்னாகரம்)

பதில்: ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுவதற்குக் காரணம், அது ஒரு சாண் தண்ணீரிலும் மிதக்கும், பாறையில் பட்டாலும் வளைந்துகொடுக்கும் என்பதே. இரண்டரை, மூன்றடி ஆழம் மூழ்கி ஓடும் கேபின் படகுக்கு அந்தப் பாறைகளுக்கிடையே வேலையே இல்லை. மேட்டூர் நீர்ப்பரப்பு அகன்றதுதான். ஆனால் 120 அடி முழு நீர்மட்டம் கொண்ட அந்த அணையில் நீர் ஏறி இறங்குவதை நீங்கள் பார்த்து வளர்ந்தவர்கள். பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் கோடையில் வெளியே தெரிவதையும், பின்னர் மூழ்கிப்போவதையும் நான் சொல்ல வேண்டியதில்லை. நீருக்குள் இன்னும் எத்தனை சுவர்களும் அடிமரங்களும் இருக்கின்றனவோ, அத்தனையும் புரொப்பெல்லருக்கும் சுக்கானுக்கும் ஆபத்துதான். நிலையான படகுத்துறையும் அங்கே நிற்காது. கொண்டுவருவதும் எளிதல்ல: சாலையில் வாகனத்தின் அகலத்துக்கு வரம்பு 2.6 மீட்டர், 28 அடிப் படகின் அகலம் பெரும்பாலும் அதைத் தாண்டும் என்பதால் சிறப்பு அனுமதி பெற வேண்டும்.

மேல்தளம் கட்டும் எண்ணத்தை உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இன்றே விட்டுவிடுங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்தது இரண்டு அடுக்கு கொண்ட ஃபைபர் படகு. 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அது மீன்பிடிப் படகை மாற்றியமைத்தது என்று சொல்லப்பட்டது. எடையை மேலே ஏற்றினால் படகின் நிலைத்தன்மை குறையும். பயணிகள் வேடிக்கை பார்க்க ஒரே பக்கம் நகர்ந்தால் அது திரும்பி நிமிராது. குடும்பத்துக்கென்று கட்டப்பட்ட படகில், எழுத்துமூலமான நிலைத்தன்மைச் சோதனையும் அரசுத் துறைகளின் அனுமதியும் இல்லாமல், கட்டணம் வாங்கி ஓர் ஆளைக்கூட ஏற்றாதீர்கள்.

கேள்வி: என் கணவர் வாங்கிய படகின் கேபினில் நுழைந்தாலே வாடை குமட்டுகிறது. குழந்தைகளோடு இரவு தங்கலாமா? (வாசகி, பாலக்கோடு)

பதில்: வாசனைத் திரவியம் அடித்து மறைக்க வேண்டாம் அம்மா, வாடைக்குக் காரணத்தைத் தேடுவோம். ஈரத்துணியால் கழிவறைக் குழாயைத் துடைத்துத் துணியை முகர்ந்து பாருங்கள். வாடை துணியில் ஏறினால் குழாய்ச் சுவரே ஊறிப்போயிருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். இல்லையேல் தரைப்பலகையைத் தூக்கி அடித்தண்ணீரில் டீசல் மிதக்கிறதா என்று பாருங்கள். மெத்தைகளை வெயிலில் காயவையுங்கள். ஆனால் என்னை அதிகம் கவலைப்படுத்துவது வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுதான். புகைக்குழாயில் சிறு விரிசல் இருந்தாலும் அது கேபினுக்குள் சேரும். தூங்குபவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதற்கான அலாரம் ஒன்றை வாங்கிக் கேபினுக்குள் மாட்டி, புகைக்குழாய் முழுவதையும் மெக்கானிக் சோதித்துச் சொன்ன பிறகு குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். அலாரம் பொருத்திய பின்னும் இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓடும்போது யாரும் உள்ளே தூங்கக் கூடாது.

கேள்வி: படகின் அடியில் திருகியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்துவிட்டன. இது பழுதா? (வாசகர், பர்கூர்)

பதில்: பழுதல்ல. புரொப்பெல்லரும் தண்டும் அரிக்காமல் இருப்பதற்காகவே அவை தாம் கரைகின்றன. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அவற்றின் மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். துத்தநாகம் உப்புநீருக்கு ஏற்றது. நன்னீரில் மேலே தோல் படிந்து வேலை செய்வதை நிறுத்திவிடும். நன்னீரில் மட்டுமே நிற்கும் படகுக்கு மெக்னீசியம் பொருத்துங்கள். மழையில் நன்னீராகவும் கோடையில் உப்பாகவும் மாறும் காயலில் நிறுத்துவதானால் அலுமினியக் கட்டிகளை வாங்குங்கள்.